நம்பாவிட்டாலும் வரவேண்டும்: எபிஸ்கோப்பல் பள்ளிகளின் கல்வி முறை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிராட்டன் பள்ளி. எபிஸ்கோப்பல் திருச்சபை மரபில் வந்த உறைவிடப் பள்ளி அது. அங்கே சேர ஒருவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை. யூதர், இந்து, முஸ்லிம், மதமே வேண்டாம் என்பவர் எல்லோரும் படிக்கிறார்கள். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் காலையில் பள்ளியின் சிற்றாலயத்தில் நடக்கும் ஆராதனைக்கு வராமல் இருந்தால், வகுப்புக்கு மட்டம் போட்டதைப் போலவே கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

இந்த வகைப் பள்ளிகளின் கல்விக் கொள்கை முழுவதும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. என்ன நம்பவேண்டும் என்பதை மாணவரிடம் விட்டுவிடுவார்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு இருக்கவேண்டும் என்பதைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். பள்ளியின் அறிக்கையைப் படித்தால் அழகான வாக்கியங்கள் கிடைக்கும். கால அட்டவணையைப் படித்தால்தான் கொள்கை தெரியும்.

எபிஸ்கோப்பல் என்பது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்தது. விடுதலைப் போருக்குப் பிறகு இங்கிலாந்து அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க முடியாத நிலையில், 1789இல் தனிச் சபையாக அமைத்துக்கொண்டார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் கலந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. கொழும்பில் 1851இல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் தொடங்கி, பின்னர் கல்கிசைக்கு இடம்பெயர்ந்த புனித தோமையர் கல்லூரியும் அதே மரத்தின் கிளை. ஆகவே பேராயர், ஜெபப் புத்தகம், பாமாலை எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். பள்ளியின் நோக்கம்தான் நேர்மாறு. திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிகள் எழுத்து வாசனை மறுக்கப்பட்டவர்களைத் தேடிப் போயின. கிராட்டன் போன்றவை எல்லாம் கிடைத்தவர்களின் பிள்ளைகளைத் தேடின. கெட்டுப்போகும் ஆபத்து அவர்களுக்கே அதிகம் என்று நிறுவியவர்கள் நினைத்தார்கள். பணக்காரர்களுக்கு நடத்தப்பட்ட மிஷன் என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) பள்ளியைப் பேராயரின் ஆளுகையில் உள்ள திருமண்டலம் நடத்தும், தாளாளரை நியமிக்கும். அமெரிக்காவில் இந்த உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவை சபையின் சொத்து அல்ல. தனி அறங்காவலர் குழு நடத்தும். குழுவில் இடம் காலியானால் இருப்பவர்களே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேராயருக்குக் கௌரவ இடம் இருக்கலாம், கஜானாச் சாவி இருக்காது. சேகரம் எனப்படும் உள்ளூர்ச் சபையோடு ஒட்டிய பகல் பள்ளிகளில் நிலைமை வேறு: அங்கே கட்டடம் கோயிலுடையது, ஆயரின் சொல் எடுபடும்.

தனியார் பள்ளிகள் என்பதால்தான் காலை ஆராதனையைக் கட்டாயமாக்க முடிகிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளியே முன்னின்று நடத்தும் ஜெபம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இல் ஏங்கல் எதிர் வைட்டேல் வழக்கில் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது.

எங்கிருந்து வந்தது

1828இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கிலாந்தில் ரக்பி பள்ளிக்குத் தாமஸ் அர்னால்டு தலைமையாசிரியராக வந்தார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வில்லியம் அகஸ்டஸ் மியூலன்பர்க் என்ற எபிஸ்கோப்பல் குருவானவர் ஃப்ளஷிங்கில் ஒரு பள்ளி தொடங்கினார். அர்னால்டு வைத்த வரிசை பிரபலமானது: முதலில் சமய ஒழுக்கம், அடுத்து நடத்தை, மூன்றாவதுதான் அறிவுத்திறன். மியூலன்பர்க் பள்ளியைக் குடும்பமாகவும் ஆசிரியரை மேய்ப்பராகவும் கண்டார். திருநாள்களில் சிற்றாலயத்தைப் பூக்களால் அலங்கரித்து, ஆண்டு முழுவதையும் திருச்சபை நாள்காட்டியோடு இணைத்தார். அவருடைய மாணவர் ஜான் கெர்ஃபுட்தான் 1842இல் மேரிலாந்தில் தொடங்கிய செயின்ட் ஜேம்ஸ் பள்ளியின் முதல் தலைவர். 1856இல் நியூ ஹாம்ப்ஷயர் கான்கர்டில் செயின்ட் பால்ஸ், 1865இல் மாசசூசெட்ஸில் செயின்ட் மார்க்ஸ் என்று வரிசை நீண்டது.

கிராட்டனைத் தொடங்கிய எண்டிகாட் பீபடி 1857இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் பிறந்தவர். தந்தை லண்டனில் வங்கித் தொழிலில் இருந்ததால் செல்ட்டன்ஹாம் பள்ளியிலும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். 1882இல் சில மாதங்கள் அரிசோனாவின் டூம்ஸ்டோன் சுரங்க ஊரில், துப்பாக்கிச் சண்டைகளின் புகை அடங்காத நேரத்தில், ஊழியம் செய்து கோயில் கட்டினார். 1884 அக்டோபரில் 27 பையன்களோடு கிராட்டன் திறந்தது. 1940 வரை, 56 ஆண்டுகள், அவரே தலைமையாசிரியர். ஒரு பள்ளியின் குணம் ஒரே ஆளின் குணமாக உறைந்துபோக இந்தக் காலம் தாராளம்.

அவர் வைத்த ஒழுங்கு சிறிய விவரங்களால் ஆனது. நியூயார்க், பாஸ்டன் கோடீஸ்வரர் வீட்டுப் பையன் கதவில்லாத, திரை மட்டும் தொங்கும் சின்னத் தடுப்பறையில் படுப்பான். காலையில் குளிர்ந்த நீரில் குளியல், தகரத் தொட்டியில் முகம் கழுவல். வாரக் கைச்செலவு 25 சென்ட். அதில் 5 சென்ட் ஞாயிறு காணிக்கைத் தட்டுக்கு. மாலையில் விறைப்பான காலரும் பளபளப்பான காலணியும் அணிந்து சாப்பாடு. தூங்கப் போகுமுன் தலைமையாசிரியருக்கும் அவர் மனைவிக்கும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து இரவு வணக்கம். கடைசியாகச் சொன்ன வழக்கம் வெறும் மரியாதையல்ல. நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பையனின் முகத்தையும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பார்த்துவிடுகிறார். அழுதவன், காய்ச்சல் உள்ளவன், பொய் சொல்கிறவன் அங்கே பிடிபடுவான்.

பீபடி பெரிய அறிஞரல்ல. அதிகமாக யோசிக்கும் பையன்களை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார் என்பது பழைய மாணவர்கள் பலரின் கருத்து. லத்தீன், கிரேக்கம், கால்பந்து, ஜெபம் இவற்றால் உருவாகும் நேர்மையான பொது ஊழியன்தான் அவர் இலக்கு. பள்ளியின் லத்தீன் குறிக்கோள் வாசகம் காலை ஜெபத்தில் சமாதானத்துக்காகச் சொல்லும் மன்றாட்டிலிருந்து எடுத்தது. கடவுளுக்குப் பணி செய்வதே அரசாள்வது என்பது அதன் கருத்து.

பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்ளின் ரூசவெல்ட் 1896இல், பதினான்கு வயதில், தன் வகுப்பாரைவிட இரண்டு ஆண்டு தாமதமாகச் சேர்ந்தார். அதற்குள் நட்புகள் இறுகிவிட்டதால் அவர் ஒட்டவே சிரமப்பட்டார். நகரத்து ஏழைப் பையன்களுக்காகப் பள்ளி ஸ்குவாம் ஏரியில் நடத்திய கோடை முகாமில் உதவினார். 1905இல் அவர் திருமணத்தை நடத்திவைத்தவர் பீபடி. நான்கு மகன்களையும் அங்கேயே படிக்க அனுப்பினார். ஆவரெல் ஹாரிமன், டீன் ஆச்சிசன் என்று பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் இன்னும் உண்டு. ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க ரூசவெல்ட் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்களை வெறுத்து, தன் வர்க்கத்துக்கே துரோகம் செய்தவர் என்று ஏசியவர்களிலும் கிராட்டன் பழைய மாணவர்கள் ஏராளம். ஒரே சிற்றாலயத்தில் ஒரே பிரசங்கத்தைக் கேட்டவர்கள்தான் இரு தரப்பும். பள்ளியின் வெற்றிக்கு ரூசவெல்ட்டை மட்டும் சான்று காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

மூன்று விதமான பதில்

பணக்காரப் பிள்ளைகளுக்குக் குளிர்ந்த நீர் கொடுப்பதால் மட்டும் எளிமை வந்துவிடுமா என்று கேட்டவர்கள் எபிஸ்கோப்பல் சபைக்குள்ளேயே இருந்தார்கள். புனிதச் சிலுவைச் சபைத் துறவி ஃபிரடெரிக் சில் 1906இல் கனெக்டிகட்டின் ஹவுசடானிக் ஆற்றோரம் கென்ட் பள்ளியைத் தொடங்கினார். அங்கே இரண்டு புதுமைகள். குடும்பத்தின் வசதிக்கு ஏற்பக் கட்டணம். வேலைக்காரர்களுக்குப் பதில் மாணவர்களே கூட்டுவது, துடைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது. முதல் யோசனை நடக்க இரண்டாவது தேவைப்பட்டது: சம்பளச் செலவு குறைந்தால்தான் குறைந்த கட்டணத்தில் சிலரைச் சேர்க்க முடியும். எளிமையும் கணக்கும் அங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

டெலவேரில் 1929இல் ஃபீலிக்ஸ் டு பாண்ட் நிறுவிய செயின்ட் ஆண்ட்ரூஸ் வேறு வழியில் போனது. வசதியில்லாத பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்பதற்காகவே தொடக்கத்திலிருந்து பெரும் நிலைநிதி ஒதுக்கப்பட்டது. பகல் மாணவர் கிடையாது, எல்லோரும் விடுதியில்தான்.

மூன்றாவது பதில் மிகப் பின்னால், கிராட்டனிலிருந்தே வந்தது. 2013இல் தலைமையாசிரியரான தெம்பா மகுபேலா தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியிலிருந்து தப்பி வந்தவர், வேதியியல் ஆசிரியர். 2014இல் அவர் தலைமையில் தொடங்கிய திட்டத்தில் பள்ளி சில ஆண்டுகளுக்குக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்தியது; பணம் கொடுக்க முடியுமா என்று பாராமல் மாணவரைத் தேர்ந்தெடுக்க நிதி திரட்டியது. போட்டிப் பள்ளிகள் ஆண்டுதோறும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கலாம். நிலைநிதியின் முதலைத் தொடாமல் ஆண்டுக்கு 4 முதல் 5 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். 10 கோடி டாலர் நிலைநிதி இருந்தால் 4.5 சதவீதத்தில் 45 லட்சம் டாலர் கிடைக்கும். ஒரு மாணவருக்குச் சராசரியாக 45,000 டாலர் உதவி என்றால் 100 பேருக்குப் போதும், அதுவும் ஆசிரியர் சம்பளத்துக்கோ கூரை பழுதுக்கோ அதிலிருந்து ஒரு காசும் எடுக்காவிட்டால். இத்தகைய பள்ளிகள் பலவற்றில் விடுதியோடு ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. உதவி நிதி வரம்புள்ள பள்ளி சேர்க்கைப் பட்டியலின் மேற்பகுதியைத் தகுதியை மட்டும் பார்த்து நிரப்பும்; அடிப்பகுதிக்கு வரும்போது முழுக் கட்டணம் தருபவரைத் தேடும். கடைசியில் முழுக் கட்டணக்காரர்களும் முழு உதவிக்காரர்களும் சேர்ந்து, நடுத்தரக் குடும்பம் காணாமல் போகும். உதவி பெறுவோர் எத்தனை சதவீதம் என்ற எண்ணைப் பள்ளிகள் பெருமையாகச் சொல்லும். கேட்கவேண்டிய எண் வேறு: பத்தாயிரம், முப்பதாயிரம், ஐம்பதாயிரம் டாலர் உதவி பெறுவோர் தனித்தனியே எத்தனை பேர்?

ஒரு நாள் எப்படிப் போகிறது

பள்ளிக்குப் பள்ளி கால்மணி, அரைமணி முன்பின் இருந்தாலும் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு மணிக்குக் காலைச் சாப்பாடு. எட்டு மணியளவில், வாரத்தில் சில நாள்களாவது, இருபது முப்பது நிமிடச் சிற்றாலயம். பிறகு பிற்பகல் மூன்று வரை வகுப்புகள்; ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் அளவில். மூன்றேகாலிலிருந்து ஐந்தரை வரை விளையாட்டு. திறமை இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒன்றில் இறங்கியாகவேண்டும். ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. எட்டிலிருந்து பத்து வரை படிப்பு நேரம். பத்து மணிக்கு விடுதிக் காப்பாளரிடம் தலைகாட்டல். பல பள்ளிகளில் சனிக்கிழமை அரைநாள் வகுப்பும் உண்டு.

இதில் சும்மா இருக்கும் நேரம் ஏறக்குறைய இல்லை. அது தற்செயல் அல்ல. பதின்வயதுப் பையனின் வெற்று நேரத்தைப் பற்றிப் பீபடி காலத்தவருக்கு இருந்த பயம் அட்டவணையாக மாறி, அந்தப் பயம் போன பிறகும் அட்டவணை தங்கிவிட்டது. தூக்கக் குறைவு இன்று பல பள்ளிகளில் பெரிய புகார். முதல் வகுப்பைத் தள்ளி வைக்கிறார்கள், ஆனால் விளையாட்டையோ சிற்றாலயத்தையோ குறைக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

சிற்றாலயத்தில் நடப்பது: ஒரு பாமாலை, ஒரு வாசகம், ஒரு பேச்சு, ஒரு ஜெபம், அறிவிப்புகள். பேச்சைக் குருவானவர் மட்டும் செய்வதில்லை. ஆசிரியர்களும், முக்கியமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஆறாம் படிவ மாணவர்களும் பேசுகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் முன் எட்டுப் பத்து நிமிடம், தனக்கு முக்கியமான ஒன்றைப் பற்றிப் பேசும் கட்டாயம் ஒரு பதினேழு வயதுக்காரரைப் பக்குவப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை. கெடும் இடமும் அதுவே. கல்லூரி விண்ணப்பக் கட்டுரையையே பேச்சாக மாற்றி, துயரத்தைக்கூட மெருகேற்றிக் கொண்டுவருகிறார்கள். கேட்கிறவர்களும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்னொரு விதமாகவும் கெடும்: யாரையும் புண்படுத்தக் கூடாது என்று வாசகத்தை எடுத்து, பிறகு ஜெபத்தை எடுத்து, கடைசியில் அறிவிப்பு மட்டும் மிஞ்சும் கூட்டமாகிவிடும். இப்படி எடுத்துவிடச் சொல்லிப் பிற மத மாணவர்கள் கேட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கனமான மரபொன்றை அருகிலிருந்து பார்ப்பதில் தங்களுக்கு ஆதாயம் என்று நினைத்துவரும் குடும்பங்கள் ஏராளம்.

இந்த நெகிழ்ச்சிக்கு இடம் தருவது ஆங்கிலிக்கன் இறையியல். பதினாறாம் நூற்றாண்டின் ரிச்சர்ட் ஹூக்கர் வழியில் வேதம், மரபு, பகுத்தறிவு மூன்றையும் சேர்த்தே பார்ப்பது அதன் வழக்கம். அதனால் உயிரியல் வகுப்பில் டார்வினோடு சண்டை வராது. சமயப் பாடம் ஓரிரு பருவங்களுக்குக் கட்டாயம். ஆனால் அங்கே உலக மதங்கள், அறவியல், விவிலியத்தை இலக்கியமாக வாசிப்பது ஆகியவைதான் நடக்கும். 1979ஆம் ஆண்டின் அமெரிக்க ஜெபப் புத்தகத்தில் ஞானஸ்நான உடன்படிக்கை ஒவ்வொரு மனிதரின் மாண்பையும் மதிக்கச் சொல்கிறது. இன்றைய எபிஸ்கோப்பல் பள்ளிகள் தங்கள் கொள்கைக்கு அதிகம் சுட்டுவது அந்த வரியைத்தான். எபிஸ்கோப்பல் பள்ளிகளின் தேசியச் சங்கம் வலியுறுத்துபவை ஆராதனை, சமூக வாழ்வு, சமயக் கல்வி, சமூக நீதி.

சாப்பாட்டு மேசையையும் பாடமாகவே நினைக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு இரவுகளாவது ஒதுக்கப்பட்ட இடத்தில் உட்காரவேண்டும். தலைமாட்டில் ஓர் ஆசிரியர், சுற்றிலும் எல்லா வயது மாணவர்களும். சில வாரங்களுக்கு ஒருமுறை மேசை மாறும். முறை வைத்து ஒருவர் பரிமாறுவார். வேலைத் திட்டம் அதன் நீட்சி: ஒவ்வொருவருக்கும் பதினைந்து இருபது நிமிட வேலை, வகுப்பறை கூட்டுவதோ பாத்திர அறையில் நிற்பதோ. மாணவர் கூட்டிய இடத்தைச் சம்பள ஆள் வந்து மறுபடி கூட்டும் பள்ளியில் இது நாடகம். கூட்டாவிட்டால் குப்பை அப்படியே கிடக்கும் பள்ளியில்தான் அது வேலை.

நேர்மை விதி தெற்கிலிருந்து வந்த மரபு. வர்ஜீனியாவில் 1839இல் தொடங்கிய எபிஸ்கோப்பல் ஹை ஸ்கூல் இதற்குப் பேர்போனது. பொய், திருட்டு, தேர்வில் காப்பியடிப்பது மூன்றையும் செய்யாதே என்பதோடு, செய்தவரைத் தெரிந்தால் சொல் என்பதும் விதி. விசாரணைக் குழுவில் மாணவர்களும் உட்காருவார்கள். கதவைப் பூட்டாமல் விடுவதும் மேற்பார்வையின்றித் தேர்வு எழுதுவதும் சாத்தியமாகின்றன என்பது பலன். நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும் கடைசிப் பகுதி எங்குமே முழுசாக வேலை செய்ததில்லை.

ஆசிரியரின் நிலை தனி. காலையில் வகுப்பு, மாலையில் விளையாட்டுப் பயிற்சி, இரவில் விடுதிக் காவல். வீடு வளாகத்துக்குள் இலவசம். மாணவரை மூன்று கோணத்தில் தெரிந்த ஒரு பெரியவர் கிடைப்பதுதான் கட்டணத்துக்குக் கிடைக்கும் உண்மையான பொருள். தங்கள் சின்னக் குழந்தைகளோடு சில ஆண்டுகள் இப்படி ஓடிய இளம் ஆசிரியர்கள் களைத்து விலகுவதுதான் முறையின் நிரந்தரப் பலவீனம்.

உடைந்த இடங்கள்

மூத்த மாணவரிடம் அதிகாரத்தைக் கொடுப்பது ரக்பி மரபு. பீபடி காலத்திலேயே கிராட்டனில் அடங்காத சின்னப் பையனைப் பெரியவர்கள் காலணிப் பெட்டிக்குள் மடக்கித் திணிப்பதும், தலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடிப்பதும் நடந்தன. நிர்வாகம் அறிந்தேதான் நடந்தன. சிறிய, மூடிய, எல்லோரும் எல்லோரையும் நம்பும் சமூகம் என்ற அதே குணம் பெரிய குற்றங்களையும் மறைத்தது. ரோட் ஐலண்டின் செயின்ட் ஜார்ஜஸ், நியூ ஹாம்ப்ஷயரின் செயின்ட் பால்ஸ் ஆகிய பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக நடந்த பாலியல் கொடுமைகள் 2016, 2017இல் வெளியான விசாரணை அறிக்கைகளில் அம்பலமாயின. 2018இல் செயின்ட் பால்ஸ் நியூ ஹாம்ப்ஷயர் தலைமை வழக்கறிஞரோடு உடன்பாடு செய்து, வெளியாள் ஒருவரின் கண்காணிப்பை ஏற்றுக்கொண்டது. ஆசிரியர், பயிற்சியாளர், காப்பாளர் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் குழந்தை புகார் சொல்ல நான்காவது ஆள் இல்லை என்பதை இந்த முறை நெடுங்காலம் யோசிக்கவில்லை.

நிறப் பாகுபாட்டில் சபையும் பள்ளியும் ஒரே பாதையில் போகவில்லை. 1963இல் அட்லான்டாவின் லவட் பள்ளி, மார்ட்டின் லூதர் கிங்கின் மகனுக்கு இடம் மறுத்தது. அது எபிஸ்கோப்பல் சபையோடு தொடர்புள்ள பள்ளி. எதிர்ப்பு வலுத்தபின் உறவு முறிந்தது. பள்ளி தன் கொள்கையில் நின்றது, சபைதான் விலகியது. அறங்காவலர் குழு சுதந்திரமாக இருப்பதன் விலை இது. கிராட்டனில் பீபடிக்குப் பின் வந்த ஜான் கிராக்கர் 1950களின் தொடக்கத்தில் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தார். 1965இல் கிங் பாஸ்டனில் நடத்திய பேரணியில் மாணவர்களோடு நடந்தார். பெண்கள் வர 1975 ஆனது.

சேர்க்கையும் கல்லூரியும்

ஒன்பதாம் வகுப்பில் சேர நினைப்பவர் எட்டாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் வேலையைத் தொடங்கவேண்டும். தனியார் பள்ளிச் சேர்க்கைக்கான எஸ்.எஸ்.ஏ.டி. தேர்வின் மேல்நிலைத் தாளில் கணிதம் 25 கேள்விகள் வீதம் இரண்டு பகுதி, வாசிப்பு 40, சொல்லறிவு 60. மூன்று துறைக்கும் தலா 500 முதல் 800, மொத்தம் 1500 முதல் 2400. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். ஆகவே குருட்டு ஊகத்தால் லாபமில்லை. 25 நிமிடக் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் பள்ளிகளுக்குப் போகும்; பெற்றோர் எழுதிக்கொடுத்த விண்ணப்பக் கட்டுரை இதன் பக்கத்தில் வைத்தால் வெளுத்துவிடும். சதவீத நிலை இதே தேர்வு எழுதியவர்களோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. தன் பள்ளியில் முதல் மாணவர் இங்கே நடுவில் விழுவது சகஜம்.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் ஜனவரி நடுப்பகுதி. முடிவு மார்ச் 10, பதில் ஏப்ரல் 10. நிதி உதவி மனுவைத் தனியாக, அதே காலத்தில் போடவேண்டும். தாமதித்தால் பானை காலி. பெற்றோர் பிரிந்திருந்தால் இருவரின் வருமானமும் கேட்கப்படும். வெளிநாட்டு மாணவருக்கு எஃப்-1 எனும் படிப்பு விசா. அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த விசாவில் 12 மாதம்தான் படிக்கலாம், தனியார் பள்ளிக்கு அந்த வரம்பில்லை. விமானக் கட்டணம், குளிர் உடுப்பு, விளையாட்டுச் சாமான், விடுமுறையில் விடுதி மூடும்போது தங்க இடம் எல்லாம் கட்டணத்துக்கு வெளியே.

கல்லூரி நுழைவுதான் இந்தப் பள்ளிகளின் தத்துவத்தை அதிகம் சோதிக்கும் இடம். 1906 முதல் 1932 வரை கிராட்டனிலிருந்து ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 405 பேரில் 402 பேருக்கு இடம் கிடைத்தது. பணிவையும் சேவையையும் போதிப்பது அந்த நாளில் சுலபம், இடத்துக்குக் கவலையில்லை. இன்று ஹார்வர்டு விண்ணப்பிப்போரில் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூடச் சேர்ப்பதில்லை. பதினோராம் வகுப்புக் குளிர்காலத்தில் ஆலோசகர் மாணவரைச் சந்திக்கத் தொடங்குவார். மதிப்பெண் பட்டியல், இரண்டு ஆசிரியர் கடிதம், ஆலோசகர் கடிதம், பள்ளியைப் பற்றிய குறிப்பேடு ஆகியவை போகும். பெரும்பாலான பள்ளிகள் தரவரிசை தருவதில்லை. தொண்ணூறு பேர் கொண்ட வகுப்பில் இருபது பேர் ஒரே கல்லூரியைக் குறிவைத்தால் அந்த இருபது பேரும் ஒருவருக்கொருவர் போட்டியாகிவிடுகிறார்கள். ஆலோசகர் இதைத் தயங்காமல் சொல்லும் பள்ளி நல்ல பள்ளி. சேவை நேரம் விண்ணப்பத்தில் ஒரு வரியாகிவிட்ட பிறகு, அது சேவைதானா என்று மாணவர்களே கேலி செய்கிறார்கள். இதற்கு மருந்தாகச் சில பள்ளிகள் சேவையைக் கட்டாய மணிக்கணக்கிலிருந்து எடுத்துவிட்டன. கலந்துகொள்வோர் எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தே எடுத்தன.

இடம் கிடைத்தவர்களைப் பள்ளிகள் மார்ச் 10க்கும் ஏப்ரல் 10க்கும் இடையில் ஒரு நாள் மறுபடி வரச் சொல்லும். அன்று நடப்பதில் பாதி காட்சி. சிற்றாலயம் உள்ள வேலை நாளைத் தேர்ந்தெடுத்துப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம்: எத்தனை பேர் பாடுகிறார்கள், எத்தனை பேர் மடியில் வேதியியல் குறிப்பைப் படிக்கிறார்கள், பேசும் மாணவர் தடுமாறும்போது கூட்டம் என்ன செய்கிறது என்று. வழிகாட்ட வரும் மாணவரிடம், இந்த வாரம் உனக்கு என்ன வேலை ஒதுக்கியிருக்கிறார்கள், அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். இரவு பத்து மணிக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவாய், அந்த ஆளைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவாய் என்ற கேள்விக்கு அவர் யோசிக்காமல் இரண்டு வெவ்வேறு பெயர்களைச் சொல்லவேண்டும்.